தொலைவிலிருந்து செவி மருத்துவம்: நோயாளியின் அருகே அமரப்போவது யார்?



நோயாளி படுத்திருந்த வீட்டுக்குப் போகாமலே ஆண்டவர் அவரைச் சுகமாக்கிய நிகழ்ச்சிகள் நற்செய்தி நூல்களில் உண்டு. கப்பர்நகூமில் நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரன் அவ்விதம் நலம் பெற்றான். ராஜாவின் மனுஷன் ஒருவனுடைய மகன் அதே கப்பர்நகூமில் மரணத் தறுவாயில் கிடக்க, கானாவூரில் சொல்லப்பட்ட வார்த்தை அவனைப் பிழைக்கச் செய்தது. மாற்கு 7ஆம் அதிகாரத்தின் இறுதியில் நாம் சந்திக்கும் மனிதனிடத்திலோ அவர் வேறொரு முறையைக் கையாளுகிறார். அம்மனிதனுக்குக் காது கேளாது, பேச்சும் தெளிவில்லை. ஆண்டவர் அவனைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் செல்கிறார். தமது விரல்களை அவன் காதுகளில் வைக்கிறார்; அவன் நாவைத் தொடுகிறார்; வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். கேளாதவனுக்கு வெறும் வார்த்தை எப்படிப் போய்ச் சேரும்? தனக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை அவன் கண்ணால் காணவும் தொடுதலால் உணரவும் வேண்டியிருந்தது. மேலும், அவன் தானாக வரவில்லை. தெக்கப்போலிப் பகுதியில், பெயர் குறிப்பிடப்படாத சிலர் அவனைக் கொண்டுவந்து விட்டார்கள்.

இப்பகுதியை இவ்வாரத் தியானத்துக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் நமது ஆலயத்தை அடுத்துள்ள சிறிய அறையைத் தொலைதூரச் செவி மருத்துவச் சேவைக்குத் திறந்து கொடுக்கலாமா என்னும் கேள்வி சேகரக் கமிட்டியின் முன் இருக்கிறது. செவியியல் வல்லுநர் நகரத்தில் தம் இடத்திலேயே இருப்பார், நோயாளி நம் அறையில் அமர்வார், இடையில் இணையம். இதைக் குறித்துச் சபையாரில் சிலர் தங்கள் தயக்கத்தை என்னிடம் தெரிவித்தார்கள். என் எண்ணத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அறையைத் திறந்து கொடுக்க வேண்டும். ஆனால் அறையை மட்டும் கொடுத்து, சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போவதானால், கொடுக்காதிருப்பதே மேல்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். காது மந்தம் என்றாலே உரக்கப் பேசினால் தீர்ந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். வயது முதிர்வினாலும் இரைச்சலினாலும் வரும் குறைவு அப்படிப்பட்டதன்று. உட்செவியின் நுண்ணிய உணர்செல்கள் பழுதடையும்போது, பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகளே முதலில் மங்குகின்றன. உயிரெழுத்தின் முழக்கம் காதில் விழும். வல்லெழுத்தின் விளிம்பு விழாது. பட்டு, தட்டு, கட்டு ஆகிய மூன்றும் ஒன்றுபோல் ஒலிக்கும். ஆகவேதான் நம் வீட்டுப் பெரியவர்கள், "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்றுதான் விளங்கவில்லை" என்கிறார்கள். நாம் அதற்கு விடையாக இன்னும் உரக்கக் கத்துகிறோம். அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். கோபக்காரக் கிழவர் என்று பெயர் வாங்குகிறார்கள். ஆலயத்தில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி வைப்பதும் இவ்வகைதான். எதிரொலி பெருகுகிறதேயன்றிச் சொல் தெளிவாவதில்லை.

படகில் இயந்திரத்தின் அருகே முப்பது ஆண்டுகள் அமர்ந்த மீனவர்களும், ஆலைகளில் உழைத்தவர்களும் நம் சபையில் இருக்கிறார்கள். காதில் சீழ் வடிவதைச் சிறு வயதில் கவனியாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கம் பிறவிச் செவிக்குறைவுக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதும் மறைக்கத்தக்க செய்தியன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட செவித்திறன் பற்றிய உலக அறிக்கை, ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைந்தோர் 150 கோடிப் பேருக்கு மேல் என்றும், அவர்களில் 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வுச் சேவை தேவை என்றும் கூறுகிறது. அத்தகையோரில் பெரும்பாலோர் வாழ்வது வருவாய் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும்தான். வல்லுநர்களோ பெருநகரங்களில் இருக்கிறார்கள்.

நம் சேகரத்தின் கடற்கரைச் சிற்றூர்களிலிருந்தும் தேரிக்காட்டு ஓரத்து ஊர்களிலிருந்தும் பாளையங்கோட்டைக்குப் போய்வர ஒரு பகல் முழுவதும் கழிகிறது. ஒருமுறை போனால் முடிந்துவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். செவி மருத்துவத்தின் இயல்பு அப்படியில்லை. முதல் நாள் பரிசோதனை. பின்பு காதின் வடிவத்துக்கு அச்சு எடுக்க ஒருமுறை. கருவியைப் பொருத்த ஒருமுறை. அதற்குப் பின்னர்தான் முக்கியமான பயணங்கள் தொடங்குகின்றன: தட்டு விழும் ஓசை இடிபோல் கேட்கிறது, தன் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது, விசில் சத்தம் வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சீர்செய்துகொள்ள வேண்டும். பல ஆண்டுகள் ஒலியை இழந்திருந்த மூளை, திரும்பி வந்த ஒலிக்குப் பழக வாரங்கள் ஆகும். கண்ணாடி அணிவதுபோல் அன்றே தெளிவு வந்துவிடாது. இதை யாரும் எடுத்துச் சொல்லாதபடியால், மூன்றாவது பயணம் பெரும்பாலும் நடப்பதில்லை. முதியவரோடு துணைக்குப் போக வேண்டியவர் பீடி சுற்றும் மருமகள். அவருக்கு அன்றைய கூலி போகும். கருவி அதன் பெட்டியோடு அலமாரிக்குள் போகிறது. வீடு சந்திக்கச் செல்லும்போது அவ்வகைப் பெட்டிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அரசின் காதொலிக் கருவி, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய விலையுயர்ந்த கருவி என்னும் வேறுபாடு அலமாரிக்கு இல்லை.

பெட்டிக்குள் போவது கருவி மட்டுமா? அவர் முதலில் வேதபாட வகுப்புக்கு வருவதை நிறுத்துகிறார். பின்பு திருமண வீடுகளுக்குப் போவதில்லை. ஆராதனையில் கடைசி வரிசைக்குப் போய், ஒரு நாள் அங்கும் காணப்படுவதில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020ஆம் ஆண்டு, மறதி நோய்க்கான மாற்றியமைக்கத்தக்க 12 காரணிகளில் செவித்திறன் குறைவையும் ஒன்றாகக் குறித்தது. மருத்துவர்கள் கணக்கிடுவதற்கு முன்பே, தனிமை ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதை நம் வீட்டுத் திண்ணைகளில் நாம் கண்டிருக்கிறோம்.

தொலைவிலிருந்து இதில் எவ்வளவு செய்ய இயலும் என்பதைப் பார்ப்போம். எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பதே என் விடை. 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் அமர்ந்திருந்தோரின் செவித்திறனை அமெரிக்காவின் டாலஸ் நகரிலிருந்து செவியியல் வல்லுநர் இணையவழி அளந்தார். நேரில் அளந்ததற்கும் தொலைவிலிருந்து அளந்ததற்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. சாலைகளே இல்லாத அலாஸ்காவின் சிற்றூர்களில், ஊர் நலப்பணியாளர் சிறு கேமராவால் காதுக்குள் படம் பிடித்து அனுப்ப, தொலைவிலுள்ள காது மூக்கு தொண்டை மருத்துவர் செவிப்பறையைப் பார்த்து முடிவு சொல்லும் முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. நம் தமிழகத்திலும் முன்மாதிரி உண்டு. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ இராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் செவியியல் துறையினர், கிராமத்துப் பெண் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே குழந்தைகளின் காதுகளைச் சோதிக்கச் செய்தார்கள். உறங்கும் குழந்தையின் காதில் மெல்லிய குமிழைப் பொருத்தினால், நலமான உட்செவி திருப்பி அனுப்பும் நுண்ணொலியைக் கருவி பதிவு செய்யும். அதில் ஐயம் தோன்றிய குழந்தைகளுக்கு, செவி நரம்பின் மின்துடிப்பை அளக்கும் அடுத்த கட்டப் பரிசோதனையை ஊருக்கே வந்த வாகனத்தில் வைத்து, நகரத்திலிருந்த வல்லுநர் இணைப்பின் வழியே நடத்தினார். குழந்தையின் தலையில் மின்முனைகளை ஒட்டியதும், தாயோடு பேசி அவளை அமைதிப்படுத்தியதும் அருகிலிருந்த உள்ளூர்க் கைகள்.

கருவிகளைச் சீர்செய்வதிலும் வழி திறந்திருக்கிறது. இன்றைய காதொலிக் கருவிகள் பலவற்றைக் கைப்பேசியோடு இணைத்து, வல்லுநர் தம் மேசையிலிருந்தே கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. காக்ளியர் கருவியின் நிலையும் இதுவே. 1978ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள் மெல்போர்ன் நகரில், தம் குழு உருவாக்கிய பல மின்முனைக் கருவியை முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்திய கிரேம் கிளார்க் நம்மைப்போல் ஒரு கிறிஸ்தவ விசுவாசி. சிற்றூரில் மருந்துக் கடை நடத்திய அவருடைய தந்தை செவித்திறன் குறைந்தவர். அறுவை சிகிச்சையோடு அக்கருவியின் வேலை முடிவதில்லை. மின்முனைகளின் அளவுகளை ஆயுள் முழுவதும் அவ்வப்போது திருத்த வேண்டும். 2017ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அத்தகைய தொடர் சீரமைப்பைத் தொலைவிலிருந்து செய்ய ஒரு நிறுவனத்தின் கருவிக்கு அனுமதி தந்தபோது, ஏற்கெனவே ஆறு மாத அனுபவம் பெற்ற நோயாளிகளுக்கே அது என்று வரையறுத்தது. அந்த எச்சரிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது. பழகியவருக்குத் தொலைவு தடையாகாது. புதியவருக்கு நேர்முகம் வேண்டும்.

இனி, நான் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். தொலைதூர மருத்துவம் என்றவுடன் நம் மனத்தில் எழுவது தொலைபேசி. சர்க்கரை நோயாளி மருத்துவரோடு தொலைபேசியில் பேசலாம். இதய நோயாளி பேசலாம். காது கேளாதவரோ எதைச் செய்ய இயலாமல் மருத்துவரைத் தேடுகிறாரோ அதையே செய்யும்படி நாம் கேட்கிறோம். திரையில் ஒரு முகம் தோன்றுகிறது; உதடு அசைகிறது; குரல் இணையத்தில் நசுங்கி வருகிறது. முதியவர் தலையசைக்கிறார். புரிந்துவிட்டது என்று மறுமுனையில் இருப்பவர் எண்ணிக்கொள்கிறார். செவித்திறன் குறைந்தோரின் தலையசைப்பை நம்பாதீர்கள், பிரியமானவர்களே. மீண்டும் கேட்டால் எரிச்சல்படுவார்களோ என்னும் பயத்தில் அவர்கள் பல ஆண்டுகளாகக் கற்றுக்கொண்ட மரியாதை அது.

ஆகையால் அறையில் ஒருவர் அருகே அமர்ந்திருக்க வேண்டும். அவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. காதணியை வலது இடது மாறாமல் பொருத்தத் தெரியவேண்டும். ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்தும்படி சைகையால் காட்டத் தெரியவேண்டும். வல்லுநர் சொன்னதை முதியவரின் முகத்துக்கு எதிரே, வெளிச்சத்தில், நிதானமாகத் திருப்பிச் சொல்லவும், தேவையானால் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் காட்டவும் வேண்டும். மின்கலத்தை எப்படி மாற்றுவது, வியர்வை படிந்த கருவியை இரவில் எப்படி உலர வைப்பது, அச்சிலுள்ள அழுக்கை எப்படித் துடைப்பது என்பவற்றை முதியவரின் விரல்களைப் பிடித்துச் செய்து காட்ட வேண்டும். நடுங்கும் விரல்களுக்கு அந்தச் சிறு மின்கலத்தைப் பொருத்துவது மலையேறுவதற்குச் சமம். அடுத்த வாரம் வீட்டுக்குப் போய், "கருவி காதில் இருக்கிறதா, பெட்டியில் இருக்கிறதா?" என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் செய்ய எந்தத் தொழில்நுட்பத்தாலும் இயலாது. நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரால் இயலும். 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் இந்திய அரசு வெளியிட்ட தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகளும், நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே நலப்பணியாளரோ பராமரிப்பவரோ இருக்கும் முறையை ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

சபையாரின் தயக்கங்களுக்கு வருகிறேன்.

"நகரத்தார்க்கு நேரில் மருத்துவர், நமக்குத் திரையில் மருத்துவரா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. காதில் அழுக்கை எடுப்பது, அச்சு எடுப்பது, அறுவை சிகிச்சை ஆகியவற்றைத் திரையில் செய்ய முடியாது. செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. செவியில் சீழ், இரத்தம், கடும் வலி, தலைச்சுற்றல், ஒரு பக்கக் காது மட்டும் கேளாமை ஆகியவை இருந்தால் நேரே மருத்துவரிடம் போக வேண்டும். நேற்றுவரை நன்றாகக் கேட்ட காது இன்று திடீரென்று அடைத்துவிட்டால் அது அவசர நிலை. நம் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கலாகாது, அன்றே புறப்பட வேண்டும். ஆனால் தொடர் கவனிப்புக்காகப் போகும் பயணங்களில் பலவற்றைத் திரை மிச்சப்படுத்தும். அப்படி மிச்சமாகும் நாட்கூலியும் உடல்வலியும் நேரில் போயே ஆகவேண்டிய ஒரு பயணத்துக்கு உதவும். இதை இரண்டாந்தரம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இன்று நம் முதியவர்களில் பலருக்குக் கிடைப்பது எந்தத் தரமும் இல்லாத வெறுமை.

அதே மூத்தவரின் கேள்விக்குள் இன்னொரு பயமும் இருக்கிறது. திரை வந்துவிட்டதே, இனி மாவட்டத்துக்கு வல்லுநர் எதற்கு என்று அதிகாரிகள் நினைத்துவிடலாம். அந்தப் பயத்தில் எனக்கும் பங்கு உண்டு. செவிக்குறைவுத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2007ஆம் ஆண்டே தொடங்கியது. 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் பிறவிச் செவிக்குறைவும் உண்டு. அதற்காக மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் அமைந்தன. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பணியாளர் வீடு தேடி வருகிறார். அதே பணியாளரின் பையில் செவியைச் சோதிக்கும் எளிய கருவியும் இருக்கலாமே என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நமது அறை அந்தக் கோரிக்கைக்குச் சான்றாக நிற்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று என்று எழுதிவைத்து மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பலாம்.

"இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கருவி கிடைக்கிறதே" என்பது வாலிபர் ஒருவரின் எண்ணம். பரிசோதனை இல்லாமல் எல்லா ஒலியையும் ஒருசேரப் பெருக்கும் பொருள், நன்றாகக் கேட்கும் ஒலிகளையும் சேர்த்துப் பெருக்கி, இருக்கும் செவித்திறனுக்கும் தீங்கு செய்யலாம். வல்லுநர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பதிவெண்ணைச் சொல்லத் தயங்குபவரிடம் போகாதீர்கள். நம் அறையில் எந்தக் கருவியின் விற்பனையும் நடக்கக் கூடாது என்னும் நிபந்தனையைக் கமிட்டி எழுத்தில் பெற வேண்டும். காய்ச்சிய எண்ணெய், ஊக்கு, தீக்குச்சி, கோழியிறகு ஆகியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருப்பதற்காக வருந்துகிறேன். அவற்றைக் காதுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

குழந்தைகளைப் பற்றி எழுதும்போது என் எழுத்தில் சற்றுக் கடுமை வரக்கூடும். பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இன்னதென்று உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் என்பது செவியியலில் உலகெங்கும் ஏற்கப்பட்ட இலக்கு. மொழி மூளையில் வேரூன்றும் காலம் முதல் சில ஆண்டுகள்தான். அது கடந்தபின் அதே கருவி அதே பலனைத் தருவதில்லை. காக்ளியர் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. பல இலட்சம் ரூபாய்ச் செலவை ஏழைப் பெற்றோர் சுமக்க வேண்டியதில்லை. எனினும் நம் ஊர்களில் காத்திருக்கிறோம். "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்கிறார். சிலர் ஜெபக் கூட்டங்களுக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்கிறார்கள். சுகம் கிடைத்துவிட்டதாக மேடையில் அறிவிக்கப்படுகிறது. விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி, பெற்றோர் பரிசோதனைக்கே போவதில்லை. ஜெபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது என் ஊழியத்தின் மூச்சு. ஆனால் இரண்டு வயதுக் குழந்தையின் ஓராண்டை எடுத்துக்கொள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை. ஜெபித்துவிட்டு அன்றைய பேருந்திலேயே மருத்துவமனைக்குப் போங்கள். கமிட்டியின் அனுமதி கிடைத்தால், நம் அறையிலும் முதல் வரிசை குழந்தைகளுக்கே. அறுவை சிகிச்சைக்குப் பின் வாரந்தோறும் தேவைப்படும் பேச்சுப் பயிற்சியில், நகரத்துப் பயிற்சியாளர் திரையில் இருந்து தாய்க்குக் கற்றுக்கொடுக்க, தாய் குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பாள். சமையலறையில் நாள் முழுவதும் குழந்தையோடு பேசப் போகிறவள் அவள்தானே!

இவ்வூழியம் நமக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் மிஷனெரி பெண்மணி புளோரன்ஸ் ஸ்வைன்சன் பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அன்று பிள்ளைகள் தங்கள் ஊரையும் தாயையும் விட்டு விடுதிக்கு வந்தார்கள். வீட்டின் பின்கட்டில் மறைத்து வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளி ஒரு பெயரையும் தொழிலையும் கொடுத்தது. அங்கே வளர்ந்தோரின் முதல் மொழி சைகை. அவர்களையும் இந்த நேரத்தில் நினைக்க வேண்டும். எல்லாரையும் கேட்கச் செய்துவிடுவதே இலக்கு என்று நாம் பேசத் தொடங்கினால், சைகையால் முழு வாழ்வு வாழ்பவர்களைப் புண்படுத்துவோம். காணொலி அழைப்பு வந்தபின் அவர்கள் தங்களுக்குள் தடையின்றி உரையாடுகிறார்கள். தொலைத்தொடர்பின் இந்த வரம் நம்மைவிட அவர்களுக்கே அதிகம் பயன்பட்டிருக்கிறது. செவிடன் காதில் சங்கு ஊதியதுபோல் என்னும் பழமொழியைப் பிரசங்க பீடத்தில் யாரும் இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று உடன் ஊழியரிடம் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேளாதவனைச் சபிக்கலாகாது என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுவது, அவன் காதில் விழாத பேச்சுக்கும் தேவனிடம் கணக்கு உண்டு என்பதால்தான்.

பேச்சைப் பற்றிச் சொல்லும்போதே மற்றொன்று. நம் ஊரில் ஒரு பெண் பிள்ளைக்குக் காதில் கருவி என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று பெற்றோர் நடுங்குகிறார்கள். கூந்தலை இறக்கிப் பின்னிக் கருவியை மறைக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். நகரத்து மருத்துவமனையில் அவளை அறிந்தவர் யாருமில்லை. நம் அறையிலோ அருகே அமர்பவர் அவள் தெருக்காரர். இதுவே இத்திட்டத்தின் உண்மையான ஆபத்து என்று நான் கருதுகிறேன். மின்தடையும் இணைய வேகமும் பிற்பாடு. ஆண்டவர் அந்த மனிதனைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்றார் என்பதை இங்கே நினைவுகூருங்கள். அறையின் கதவு சாத்தப்பட்டிருக்க வேண்டும். வெளியே காத்திருப்போர் பட்டியலில் நோயின் விவரம் இருக்கக் கூடாது. உள்ளே கேட்டதை வெளியே சொல்பவர் யாராயினும், எவ்வளவு பழைய சபை உறுப்பினராயினும், அன்றோடு அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கப்படுவார் என்று கமிட்டியின் தீர்மானத்திலேயே எழுதும்படி கேட்டிருக்கிறேன்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. அறைக்கு இரு சன்னல்கள். தடித்த திரை தைத்தால் தெருவின் இரைச்சல் குறையும். பரிசோதனை நேரத்தில் மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பதால் காலை வேளையே ஏற்றது. முதியவர் முகத்தில் வெளிச்சம் படுவதைவிட, அவரோடு பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் படுவது முக்கியம். நாற்காலிகளை அதற்கேற்பப் போட வேண்டும். அருகே அமர நான்கு பேர் தேவை. அவர்களில் இருவராவது பெண்களாக இருக்க வேண்டும். பயிற்சியை வல்லுநர் குழுவினரே தருவார்கள். படித்த பட்டம் தேவையில்லை. நிதானமும், சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பொறுமையும் தேவை. ஓய்வுநாள் பாடசாலையில் சிறு பிள்ளைகளோடு பழகியவர்கள் இதற்குப் பொருத்தமானவர்கள் என்று எண்ணுகிறேன். சனிக்கிழமைப் பயிற்சியை மாலை ஐந்து மணிக்கு மாற்றிக்கொள்ளப் பாடகர் குழுவினர் இசைந்திருக்கிறார்கள். அருகே அமர விரும்புவோர் என்னிடமோ சேகரச் செயலரிடமோ பெயர் கொடுக்கலாம். பரிசோதனைக்கு வர விரும்புவோரின் பெயரைத் தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டாம் என்று செயலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு தாளில் எழுதி என் கையில் தந்தாலும், வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாலும் போதும்.